படகு எஞ்சினுக்கு எந்த ஆயில், கியருக்கு எந்த ஆயில்?

ஃபைபர் படகு வைத்திருப்பவர் ஆயில் கடையில் போய் நின்றால் மூன்று அறிவுரைகள் இலவசமாகக் கிடைக்கும். "கெட்டியாகப் போடுங்கள், தேயாது." "விலை கூடியதைப் போடுங்கள், கவலையே இல்லை." "லாரிக்குப் போடுவதையே போடுங்கள், எல்லாம் ஒன்றுதான்." மூன்றுமே ஏதோ ஓர் எஞ்சினுக்குப் பொருந்தும். உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமா என்பதை மட்டும் கடைக்காரர் சொல்ல மாட்டார். அவருக்கு உங்கள் எஞ்சின் தெரியாது.

பழவேற்காட்டிலிருந்து நீரோடி வரை சிறு படகுகளில் பெரும்பாலும் கண்ணில் படுபவை மூன்று. ஒன்று, பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார். இரண்டு, நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் சுழலும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். மூன்று, படகின் வயிற்றுக்குள் டீசல் எஞ்சினும் அதன் பின்னால் தனிக் கியர்பாக்ஸும் உள்ள இன்போர்டு. இவற்றுக்கு ஆயில் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: அந்த ஆயிலுக்குள் எது எதோடு உரசுகிறது? விலையும் பிராண்டும் அதற்குப் பிறகுதான்.

டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டிலிருந்து தொடங்கலாம். இங்கே ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து போகிறது. ஆகவே எப்படி வழுக்குகிறது என்பதைப் போலவே, எரிந்த பிறகு எதை விட்டுச் செல்கிறது என்பதும் முக்கியம். போட்டிக்கு நிற்பவை இரண்டு: ஆட்டோவுக்கும் பழைய ஸ்கூட்டருக்கும் ஊற்றும் சாதாரண 2டி ஆயில், டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்ட கடல் ஆயில். முன்னது காற்றால் குளிரும் சூடான எஞ்சினுக்காகச் செய்தது. உள்ளே படியும் கரியைக் கரைக்க உலோகம் கலந்த சேர்மானங்கள் அதில் இருக்கும். அந்தச் சூட்டில் அவை வேலை செய்யும். அவுட்போர்டோ கடல் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. சிலிண்டர் சுவர் அவ்வளவு சூடாவதில்லை. அங்கே அந்த உலோகச் சேர்மானம் சாம்பலாகப் பிஸ்டன் தலையிலும் பிளக் முனையிலும் உட்கார்ந்துகொள்ளும். நாளடைவில் ரிங் ஒட்டும், பிளக் அடிக்கடி அடைக்கும். டிசி-டபிள்யூ3 சாம்பல் விடாத வகை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கடல் எஞ்சின் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த தரம் அது. இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் உண்டு. ஆனால் நடுக்கடலில் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பவரிடம் அந்த மிச்சக் காசைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

கலவை விகிதத்தில் ஆளாளுக்கு ஒரு கணக்கு ஓடுகிறது. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 25:1 என்றால் 40 மி.லி.; 100:1 என்றால் 10 மி.லி. பல டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் 50:1 கேட்கின்றன, சில 100:1 கேட்கின்றன. புது மோட்டாரைப் பழக்கும் முதல் சில மணி நேரத்துக்கு 25:1 என்று யமஹா கையேடுகள் சொல்கின்றன. பழக்கும் காலம் முடிந்த பிறகும் "இருக்கட்டும், நல்லதுதானே" என்று 25:1 ஊற்றுபவர்கள் உண்டு. அதனால் புகையும் கரியும் கூடுமே தவிர ஆயுள் கூடாது. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார், அதாவது கன்னியாகுமரிக் கரையிலும் இலங்கையின் வட கரையிலும் அதிகம் காணப்படும் வகை, பெட்ரோலில் கிளம்பிச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. அதன் விகிதம் தனி. பெட்ரோல் மோட்டாரின் கணக்கை அதற்குப் பொருத்தக் கூடாது.

ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். எஃப்சி-டபிள்யூ (அதே சங்கத்தின் ஃபோர் ஸ்ட்ரோக் தரம்) முத்திரையுள்ள 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 கிடைத்தால் அதை வாங்குங்கள். அந்த முத்திரைக்கான சோதனைகளில் உப்பு நீரால் துருப்பிடிக்கிறதா என்பதும் ஒன்று. கார் ஆயிலுக்கு அந்தச் சோதனை கிடையாது. கார் எஞ்சின் நாள் முழுவதும் முழு வேகத்தில் ஓடுவதும் இல்லை, படகு மோட்டார் ஓடும். கிடைக்காத இடத்தில் கையேடு ஏற்கும் கெட்டித்தன்மையும், 'எஸ்' எழுத்தில் தொடங்கும் பெட்ரோல் எஞ்சின் தரமும் உள்ள கார் ஆயிலைப் போட்டு ஓட்டினால் மோட்டார் செத்துவிடாது. ஆனால் எரிபொருள் சிக்கனத்துக்கென்று வரும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய கார் ஆயில் மட்டும் வேண்டாம்.

இனி டீசல். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் ஒன்றிலிருந்து இரண்டரை லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். இங்கே மோதுபவை மூன்று: எஸ்ஏஇ 40 ஒற்றை கிரேடு, 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40, முழு சிந்தெட்டிக் 5டபிள்யூ-40.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம். எஸ்ஏஇ எண் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது. 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்வது. 20டபிள்யூவை மைனஸ் 15 டிகிரியிலும், 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரியிலும் எஞ்சின் சுழல்கிறதா என்று சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில் நாகப்பட்டினம் கரையில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் எதற்கு? கடைசி எண்தான் நமக்கானது: எஞ்சின் சூடான பிறகு, 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. மூன்று டப்பாவிலும் அது 40தான். ஆகவே 5டபிள்யூ-40 வாங்கும்போது நம் கரைக்கு வராத குளிருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

சிந்தெட்டிக்குக்கு வேறு நன்மைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. சூட்டில் சீக்கிரம் கெடாது, நீண்ட நாள் தாங்கும். ஆனால் சிறு படகில் ஆயில் கெடுவது பெரும்பாலும் வயதால் இல்லை. கசியும் நாசிலிலிருந்து டீசல் சொட்டி ஆயிலில் கலக்கிறது. வலை இழுக்கும்போது நெடுநேரம் எஞ்சின் சும்மா ஓடிச் சூடேறாமலே கிடக்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே போகின்றன. டீசல் கலந்துவிட்ட சிந்தெட்டிக்கையும் வடித்துத்தான் ஆக வேண்டும். ஒன்றரை லிட்டர் நல்ல 15டபிள்யூ-40ஐ நேரத்துக்கு மாற்றுபவர், விலை கூடிய சிந்தெட்டிக்கை ஊற்றிவிட்டு இரண்டு மடங்கு நாள் ஓட்டுபவரை விட எஞ்சினை நன்றாக வைத்திருப்பார். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால்தான் இன்னும் அதிகம் பதற வேண்டும்: டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று பொருள்.

எஸ்ஏஇ 40 ஒற்றை கிரேடு பழைய காற்றுக் குளிர்ப்பு எஞ்சின்களுக்கு இன்றும் நல்ல ஆயில். கெட்டித்தன்மையைத் தூக்கிப் பிடிக்கும் பாலிமர் சேர்மானம் அதில் இல்லை. ஆகவே அது அரைபட்டு ஆயில் இளகிப்போகும் பிரச்சினையும் இல்லை. எங்கள் வானிலையில் அதன் ஒரே குறை, அதிகாலையில் கையால் சுழற்றிக் கிளப்பும்போது தோள் சற்றுக் கூடுதலாக வலிக்கும். இன்றைக்கு எளிதாகக் கிடைப்பது 20டபிள்யூ-40உம் 15டபிள்யூ-40உம்தான். இரண்டில் எது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

தர எழுத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டீசல் ஆயிலுக்கு ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், தரும் 'சி' வரிசை. சிஎஃப்-4 1990இல் வந்தது, சிஐ-4 2002இல், சிகே-4 2016இல். பிந்தைய எழுத்து முந்தையதற்கு மாற்றாகப் போடத் தக்கது என்பது பொது விதி. ஆனால் சிகே-4 உருவானது வெளிப்புகையைத் திருப்பி எரிக்கும், கரி வடிகட்டி பொருத்திய லாரி எஞ்சின்களை மனத்தில் வைத்து. சாம்பலுக்கு அதில் கட்டுப்பாடு உண்டு. வடிகட்டியே இல்லாத படகு எஞ்சினுக்கு அந்தச் சிறப்பால் லாபம் இல்லை, நட்டமும் இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் பிஎஸ்-6 டீசல், கந்தகம் 10 பிபிஎம். ஆகவே அமிலத்தை முறிக்கும் காரச் சத்து மிகுதியாக வேண்டும் என்ற பழைய கவலையும் தணிந்துவிட்டது. என் தேர்வு: சிஐ-4 தரம், 15டபிள்யூ-40, பெயர் தெரிந்த எந்த நிறுவனமானாலும் சரி, முத்திரை உடையாத டப்பா. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் மட்டும் எந்த விலையிலும் வேண்டாம். அது வடிகட்டிய பழைய ஆயிலா இல்லையா என்பது கண்ணால் பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை.

கியர் பக்கம்

நேராகத் தண்டோடு பூட்டிய எஞ்சினில் கியரே இல்லாததால் அந்தப் படகுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். மற்றவர்கள் நிதானமாகப் படியுங்கள். எஞ்சின் ஆயிலில் பிழை செய்தால் மெல்லத்தான் தண்டனை வரும், கியரில் அப்படி இல்லை.

"அண்ணே, கியர்பாக்ஸுக்கு 90 ஊற்றினேன், இப்போது கியர் போட்டால் படகு நகர மாட்டேன் என்கிறது" என்று ஒரு தம்பி கேட்டால், அவர் படகு இன்போர்டு என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். கியர்பாக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் கடைக்காரர் கியர் ஆயிலை எடுத்துக் கொடுத்திருப்பார். தர்க்கம் சரிதான், பொருள்தான் தவறு.

அவுட்போர்டின் கீழ்க்காலில், அதாவது புரொப்பல்லரைத் தாங்கும் அடிப்பகுதியில், இருப்பவை பல்சக்கரங்களும், அவற்றைக் கோத்துப் பிரிக்கும் பல்வைத்த கிளட்ச்சும் மட்டுமே. இரும்புப் பல் இரும்புப் பல்லை நசுக்குகிறது. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துபோகும். ஆகவே கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த கியர் ஆயில், எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90 வேண்டும். இன்போர்டு கியர்பாக்ஸுக்குள்ளோ பல்சக்கரத்தோடு உராய்வுக் கிளட்ச்சும் அதே ஆயிலில் குளிக்கிறது. தட்டுகளோ கூம்போ, எதுவானாலும் அது வழுக்காமல் பிடிக்க வேண்டும். பல் வழுக்க வேண்டும், கிளட்ச் பிடிக்க வேண்டும், இரண்டும் ஒரே ஆயிலில். அதற்கு அளவான உராய்வுத் தன்மையுள்ள ஆயில் தேவை. 90ஐ அங்கே ஊற்றினால் கிளட்ச் சறுக்கும், சூடாகும், வெண்கலத் தட்டுகளைக் கந்தகம் அரிக்கும்.

இன்போர்டு கியர்பாக்ஸிலும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சிவப்பு நிற ஏடிஎஃப் கேட்பது, அதாவது காரின் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் டெக்ஸ்ரான் வகை. மற்றக் கட்சி எஞ்சின் ஆயிலையே கேட்பது. பழைய ஹுர்த், இன்றைய இசட்எஃப் நிறுவனத்தின் சிறு மெக்கானிக்கல் கியர்பாக்ஸ்கள் ஏடிஎஃப் கட்சி. யான்மார் சிறு எஞ்சின்களோடு வரும் கேஎம்2பி எஸ்ஏஇ 20 அல்லது 30 எஞ்சின் ஆயில் கேட்கிறது. பிஆர்எம் 150 போன்ற ஹைட்ராலிக் பெட்டிகள் 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலில் ஓடுகின்றன. அளவில், தோற்றத்தில், நீளும் கைப்பிடியில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் பெட்டிகள்தான் இவை. கேஎம்2பியின் கூம்புக் கிளட்ச்சுக்கு ஏடிஎஃப் ஊற்றினால் பிடிப்பு கெடும். ஹுர்த்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினாலும் அதே தொல்லை. ஒன்றை வடிக்காமல் மேலே மற்றதை ஊற்றிக் கலப்பது எல்லாவற்றிலும் மோசம்.

எஞ்சின் ஆயில் கட்சிக்கு ஒரு வசதி உண்டு: படகில் ஒரே டப்பா போதும், மாற்றி ஊற்றும் பயமும் குறைவு. ஏடிஎஃப் கட்சிக்கு வேறு வசதி. அது சிவப்பு, எஞ்சின் ஆயில் கறுப்பு. எஞ்சினுக்கடியில் தேங்கிய தண்ணீரில் எந்த நிறம் மிதக்கிறது என்று பார்த்தே கசிவு எங்கிருந்து என்று சொல்லிவிடலாம். ஆயில் குளிர்விப்பான் குழாய் அரித்துக் கடல் தண்ணீர் உள்ளே போனால் அந்தச் சிவப்பு ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறிவிடும்; டிப்ஸ்டிக்கை உருவியவுடனே தெரியும். அப்படித் தெரிந்த பிறகு ஒரு நடைகூட ஓட்டக் கூடாது. டிப்ஸ்டிக் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஹுர்த் வகைப் பெட்டிகளில் அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகி இறுக்கக் கூடாது, துளையின் மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்துவிட்டு "நிறைய இருக்கிறது" என்று குறைவாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

வண்டியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸைப் பொருத்திய படகு மூன்றாவது ரகம். அதன் கிளட்ச் வெளியே, உலர்ந்தது. உள்ளே பல்சக்கரமும் பித்தளை வளையங்களும் மட்டும். அதற்குக் கியர் ஆயில்தான், ஆனால் டப்பாவில் ஜிஎல்-4 என்ற தரம் உள்ளது. ஜிஎல்-5இல் அழுத்தம் தாங்கும் சேர்மானம் ஏறத்தாழ இரட்டிப்பு. அது பித்தளைக்கு ஆகாது.

அவுட்போர்டு கீழ்க்காலுக்கும் இந்த ஜிஎல்-4, ஜிஎல்-5 கேள்வி வருகிறது. யமஹாவின் சிறு மோட்டார்களின் கையேடு ஜிஎல்-4 ஹைப்பாய்டு 90 என்கிறது. சுஸுகி ஜிஎல்-5 என்கிறது. அவரவர் சொன்னதை ஊற்றுங்கள். 90 என்ற எண்ணைப் பார்த்து மிரளவும் வேண்டாம். கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு. கியர் 90இன் கெட்டித்தன்மை எஞ்சின் ஆயில் 40க்கும் 50க்கும் பக்கத்தில்தான் நிற்கிறது. 140 ஊற்றினால் தண்ணீர் புகாது என்று ஒரு நம்பிக்கை கரையோரம் உலாவுகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கிரீஸையே திணிக்கிறார்கள். சீல் கிழிந்திருந்தால் எந்தக் கெட்டியும் தண்ணீரைத் தடுக்காது. கிரீஸ் பல்லிலிருந்து விலகி ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும், பல் வறண்டு ஓடும்.

சீல் கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் தங்கூசி நரம்பு. புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்ட நைலான் இழை, சுழலச் சுழல உள்ளே நகர்ந்து சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புரொப்பல்லரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு பின்னும் ஒரு ஸ்பேனரும் போதும்.

தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி. மோட்டாரை இரவு முழுவதும் நேராக நிறுத்தி வையுங்கள். விடிந்ததும், அசைக்காமல், கீழ்க்காலின் அடித் திருகை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஆயிலை விடக் கனமான கடல் தண்ணீர் அடியில் தேங்கியிருக்கும். முதல் சொட்டு தெளிந்த நீராக வந்தால் சீல் போய்விட்டது. ஓடிய உடனே வடித்தால் தண்ணீரும் ஆயிலும் கடைந்து ஒன்றாகி வெளுத்த குழம்பாக வரும், அதுவும் அதே செய்திதான். எஞ்சின் ஆயிலில் சந்தேகம் இருந்தால் நன்றாகச் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். வீட்டுத் தோசைக்கல்லை இதற்கு எடுத்தால் வரும் விளைவுக்கு நான் பொறுப்பில்லை.

கீழ்க்காலுக்கு ஆயில் ஊற்றும் முறையும் தேர்வைப் போலவே முக்கியம். மேல் துளை வழியாக ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, பாதிதான் நிறையும். அடித் துளையில் டியூபைச் செருகி, மேல் துளையில் ஆயில் குமிழியில்லாமல் வழியும்வரை அழுத்த வேண்டும். பிறகு மேல் திருகை முதலில் மூட வேண்டும். அப்போதுதான் டியூபை எடுக்கும்போது ஆயில் கொட்டாது. திருகின் கீழ் இருக்கும் சிறு வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். சீல் நன்றாக இருந்தும் தண்ணீர் புகும் படகுகளில் குற்றவாளி பல நேரம் இந்த வாஷர்தான். 40 குதிரைத்திறன் வரையிலான மோட்டார்கள் பலவற்றுக்கு அரை லிட்டர் கியர் ஆயில்கூட ஆகாது. அதைப் பதினைந்து நாள் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? அவுட்போர்டு கையேடுகள் பலவும் 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம் என்கின்றன. உல்லாசப் படகுக்காரருக்கு ஆறு மாதம் முதலில் வரும். நாள்தோறும் ஆறு மணி நேரம் ஓட்டும் மீனவருக்கு 100 மணி நேரம் பதினேழு நாளில் முடிந்துவிடும். கையேட்டில் "ஆறு மாதம்" என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்திருப்பதுதான் நம் கரையில் கியர் உடைவதற்கு முக்கியமான காரணம் என்பது என் கருத்து. சிந்தெட்டிக்கா சாதாரணமா என்ற வாதத்துக்குச் செலவிடும் நேரத்தை இதற்குச் செலவிடலாம்.

விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பெரும்பாலானோர் தடை முடியும் வாரத்தில் ஆயில் மாற்றுகிறார்கள். தொடங்கும் வாரத்தில் மாற்றுவது மேல். பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் இரண்டு மாதம் பேரிங்கைத் தின்றுகொண்டே இருக்கும். புது ஆயிலை ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளே எல்லாம் சுத்தமான படலத்தோடு உறங்கும். வடித்த பழைய ஆயிலை ஒரு கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள், துறைமுகத் தண்ணீரில் ஊற்ற வேண்டாம்.

கையேடு தொலைந்த படகுகளே அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனித் தகடு உண்டு, பெயின்டுக்குக் கீழே. கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் மாடல் எண் தெரியும். கடையில் எஞ்சின் பெயரைச் சொல்லிக் கியர்பாக்ஸ் ஆயில் கேட்காதீர்கள். ஒரே எஞ்சினுக்குப் பின்னால் வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளைப் பூட்டியிருப்பார்கள். கியர்பாக்ஸ் எண்ணைச் சொல்லி, அதற்கு ஏடிஎஃப்பா எஞ்சின் ஆயிலா என்று அந்த நிறுவனத்தின் முகவரிடம் கேளுங்கள். கிடைத்த பதிலைப் பெட்டியின் மூடியிலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்த தடவை ஆயில் ஊற்றப் போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.